தோமஸ் அடிகளாரும் தோலகட்டித் துறவுநெறியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் சமய வரலாறு பெரும்பாலும் பேசியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கண்டனங்கள் எழுதியோர், பிரசங்கம் செய்தோர், பாடசாலைகளையும் அச்சகங்களையும் நிறுவியோர், கோயில்களைக் கட்டுவித்தோர் ஆகியோர் அவ்வரலாற்றில் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர். ஆறுமுகநாவலரின் (1822 - 1879) பணிகளும், சுவாமி ஞானப்பிரகாசரின் (1875 - 1947) மொழியாராய்ச்சியும் பல்கலைக்கழக மட்டத்தில் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டமைக்கு அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துக்களே முதற் காரணமாகும். எழுத்து இருக்குமிடத்தில் வரலாற்றாசிரியனுக்குச் சான்று இருக்கிறது. மௌனத்தைத் தமது வாழ்க்கைநெறியாக ஏற்றுக்கொண்டோரின் நிலை வேறு. அவர்கள் பக்தர்களின் நினைவில் வாழ்கின்றனர்; வரலாற்று நூல்களிலோ ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் 1928ஆம் ஆண்டு செபமாலைத் தாசர் சபையைத் தோற்றுவித்த பஸ்தியாம்பிள்ளை அந்தோனிப்பிள்ளை தோமஸ் அடிகளார் (1886 - 1964) இத்தகையோருள் ஒருவர். கத்தோலிக்க மக்கள் அவரை ஓர் அனுபூதிமானாகப் போற்றுகின்றனர். அவரது அகவாழ்வின் ஆழத்தை அளந்து கூறுவது வரலாற்றுத் துறையின் வேலையன்று. ஆனால் அவ்வகவாழ்விலிருந்து பிறந்த ஒரு நிறுவனம், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மண்ணில், குறிப்பிட்ட சமூக அமைப்பின் நடுவே தோன்றியது. அது ஏன் அப்போது தோன்றியது, அதன் வேர்கள் ஐரோப்பாவில் இருந்தனவா தமிழ் மரபில் இருந்தனவா, அது தன்னைச் சூழ்ந்திருந்த சமூகத்துக்கு எத்தகைய சவாலாக அமைந்தது என்னும் மூன்று வினாக்களையும் வரலாற்றுமுறையில் ஆராய்தல் இயலும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த களுதாவளை போன்ற ஊர்களிலிருந்து இவ்வினாக்களை நோக்கும்போது அவை யாழ்ப்பாணக் கத்தோலிக்கரை மட்டும் சார்ந்தவையல்ல என்பதும் புலனாகும்.

வரலாற்றுப் பின்னணி

வட இலங்கையில் கத்தோலிக்க மதம் பதினாறாம் நூற்றாண்டில் மன்னாரில் வேர்கொண்டது. 1544இல் அங்கு புதிதாக ஞானஸ்நானம் பெற்றோர் யாழ்ப்பாண மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானபின் தேவாலயங்கள் பெருகின. எனினும் 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. குருமார் வெளியேற்றப்பட்டனர், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருவானவர் எவருமின்றி ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் அம்மக்கள் தம் நம்பிக்கையை வீட்டுச் செபங்களினாலேயே காத்துக்கொண்டனர். 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, வந்த யோசேவாஸ் முனிவர் ஏழைக் கூலியாளின் தோற்றத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்து, சில்லாலையை மையமாகக் கொண்டு இரகசியமாகப் பணியாற்றத் தொடங்கினார். 1711இல் கண்டியில் மறைந்த அவர், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி கொழும்பிலே புனிதராகப் பிரகடனப்படுத்தப்பட்டார்.

இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்றுண்டு. குருமாரும் திருப்பலியும் இல்லாத காலத்தில் பொதுமக்கள் கையில் எஞ்சியிருக்கக்கூடிய வழிபாடு மணிகளை உருட்டிச் சொல்லும் செபமாலையேயாகும். இலத்தீன் அறிவோ, நூலோ, பலிபீடமோ அதற்கு வேண்டியதில்லை. பின்னாளில் தோலகட்டியில் எழுந்த சபை செபமாலையைத் தன் பெயரிலேயே தாங்கியமையை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் நிலைமை மாறியது. 1816இல் பிரான்சிலே இயூஜின் டி மசனட் என்பவர் தோற்றுவித்த அமலமரித் தியாகிகள் சபையின் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களது பணி பெரும்பாலும் புறப்பணியாகவே அமைந்தது. பங்குகளை ஒழுங்குபடுத்தல், தேவாலயங்களைக் கட்டுதல், பாடசாலைகளை நடத்துதல், 1876 முதல் வெளிவந்த "சத்தியவேத பாதுகாவலன்" பத்திரிகை மூலம் சமயப் பிரசாரம் செய்தல் ஆகியன அவற்றுட் சில. புரட்டஸ்தாந்து மிசனரிமாரும் சைவ மறுமலர்ச்சியாளரும் இதே களத்தில் இதே கருவிகளைக் கொண்டே போட்டியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துச் சமய வாழ்வு பாடசாலைக்கும் அச்சகத்துக்கும் இடைப்பட்ட ஒன்றாக மாறியிருந்தது எனின் அது மிகையாகாது. தியானமும் மௌனமும் தனிமனிதரிடம் இருந்தன. அவற்றுக்கென நிறுவனம் ஒன்று யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடையே இருக்கவில்லை.

அடிகளாரின் ஆரம்ப வாழ்வு

தோமஸ் அடிகளார் 1886ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆந் திகதி யாழ்ப்பாணம் பாண்டியன்தாழ்வில் பிறந்தார். அக்காலத் திருச்சபை நாட்காட்டியின்படி அது புனித தோமஸ் அக்குவீனாசின் திருநாளாகும். சம்பத்திரிசியார் கல்லூரியிற் கல்வி கற்ற அவர், அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து 1912இல் குருப்பட்டம் பெற்றார். தாம் பயின்ற கல்லூரியிலேயே பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அக்கல்லூரி அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியின் முன்னணி நிலையங்களுள் ஒன்று. அங்கு கற்போர் அரசாங்க எழுதுவினைஞராகவும், மலாய் நாட்டு உத்தியோகத்தராகவும், சட்டத்தரணிகளாகவும் செல்வதே வழக்கு. மட்டக்களப்புப் பிரதேசத்தின் காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்ற மயில்வாகனன் என்னும் இளைஞர் 1917ஆம் ஆண்டளவில் இதே சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையாற்றினார். அவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனவர். உலகியல் வெற்றிக்கு வழிதிறந்த ஒரே கல்வி நிலையத்தோடு தொடர்புகொண்ட இரு தமிழர், ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் இரு வேறு சமயங்களினூடாகத் துறவை நாடியமை தற்செயலான ஒற்றுமை என ஒதுக்கத்தக்கதன்று. காலனித்துவக் கல்வி அளித்த பதவிகளாலும் பட்டங்களாலும் நிறைவுறாத ஒரு தாகம் அத்தலைமுறையினரிடையே இருந்தது என்பதையே இது காட்டுகின்றது.

உரோமாபுரியின் அழைப்பு

செபமாலைத் தாசர் சபையின் தோற்றத்துக்கு உடனடிக் காரணமாயமைந்தது பாப்பரசர் பதினொராம் பத்திநாதர் 1926ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளியிட்ட சுற்றுமடலாகும். முதலாம் உலகப் போரின்பின் ஐரோப்பிய மிசனரிமாரின் ஆதிக்கம் நிலையானதன்று என்பதைத் திருச்சபைத் தலைமை உணர்ந்திருந்தது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்குத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை என்னும் தமிழர் ஆயராக நியமிக்கப்பட்டார். 1926 ஒக்ரோபரில் சீனர் அறுவரைப் பாப்பரசர் தாமே ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். சுதேசக் குருமாரை உருவாக்குதல், அந்நாட்டு மக்களின் இயல்புக்கேற்ற புதிய துறவற சபைகளைத் தோற்றுவித்தல், மிசன் நாடுகளிலும் தியான மடங்களை நிறுவுதல் ஆகிய மூன்றையும் அச்சுற்றுமடல் வலியுறுத்தியது. இதனைத் தொடர்ந்து 1927 டிசம்பர் 14இல், கார்மேல் மடத்தின் நான்கு சுவர்களை விட்டு மிசன் நாடு எதற்கும் சென்றறியாத புனித குழந்தை யேசுவின் தெரேசா (1873 - 1897) மிசன் பணிகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். செபமும் ஒருவகைப் பணியே என்னும் கருத்து இதனால் திருச்சபையின் அதிகாரபூர்வமான நிலைப்பாடாக வலுப்பெற்றது.

அப்போது யாழ்ப்பாண மேற்றிராணியாராக இருந்தவர் (1924 - 1950) பிரெஞ்சு நாட்டவரான அல்பிரட் கியோமார் ஆண்டகை. பாப்பரசரின் விருப்பத்தைத் தமது மறைமாவட்டத்தில் நிறைவேற்ற எண்ணிய அவர், அப்பொறுப்பைத் தோமஸ் அடிகளாரிடம் ஒப்படைத்தார். 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி, தேவமாதா தம் குழந்தையை ஆலயத்திற் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, வசாவிளானை அடுத்த தோலகட்டியில் சபை ஆரம்பமாயிற்று. தெரேசாவைப் பற்றிய அறிவிப்பு வெளிவந்து இரண்டு மாதங்கள்கூட அப்போது நிறைவுறவில்லை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. பாப்பரசர் விரும்பினார், ஆயர் பணித்தார், குருவானவர் கீழ்ப்படிந்தார் எனில், இச்சபையைத் தோமஸ் அடிகளாரின் படைப்பெனக் கூறலாமா? மேலெழுந்தவாரியாக நோக்கின் இது உரோமாபுரியின் கட்டளையொன்றின் யாழ்ப்பாணக் கிளையாகவே தோன்றும். ஆனால் அதே சுற்றுமடலைப் பெற்ற மறைமாவட்டங்கள் உலகெங்கும் பல இருந்தன. தியான மடமொன்றை நிறுவ விரும்பிய ஆயருக்கு ஐரோப்பியத் திரப்பிஸ்து துறவிகளையோ கார்மேல் கன்னியரையோ அழைப்பதே எளிய வழியாக இருந்தது. புதுச்சேரியில் 1748 முதலே கார்மேல் மடமொன்று இருந்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. மலையாளத்தில் 1831இல் சாவறை குரியாக்கோசு எலியாசு அடிகளாரும் அவர்தம் தோழரும் தொடங்கிய சபையும் முன்னோடியாக இருந்தது. எனினும் அது செபத்தோடு கல்வி, அச்சகம் முதலாய பணிகளையும் இணைத்துக்கொண்டது. தோலகட்டியில் நிகழ்ந்தது இவ்விரண்டினின்றும் வேறானது. தமிழர் ஒருவர், தமிழரை உறுப்பினராகக் கொண்டு, செபத்தையும் ஒறுத்தலையும் உழைப்பையும் மட்டுமே நோக்கமாகக் கொண்ட ஆடவர் சபையொன்றை உருவாக்கினார். அழைப்பு உரோமாபுரியிலிருந்து வந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடையின் வடிவம் யாழ்ப்பாண மண்ணினுடையது.

தோலகட்டி வாழ்க்கைமுறை

ஆச்சிரம வாழ்வின் மையம் தேவநற்கருணை ஆராதனையாகும். இரவும் பகலும் இடையறாது செபமாலை சொல்லப்படும் வண்ணம் துறவிகள் முறைவைத்து ஆலயத்தில் முழந்தாட்படியிட்டிருப்பர். ஊர் உறங்கும் சாமத்திலும் அங்கு ஒருவர் விழித்திருப்பார். மௌனம், எளிய உணவு, நோன்பு, கைத்தொழில் என்பன அவ்வாழ்வின் ஏனைய அங்கங்கள். தமக்காக மட்டுமன்றி, செபிக்க நேரமோ மனமோ இல்லாத உலகத்தாருக்காகவும் செபிப்பதே அவர்களது கடமையெனக் கொள்ளப்பட்டது.

இவற்றுள் செபமாலையைத் தேர்ந்துகொண்டமை மிக முக்கியமான முடிவாகும். ஐரோப்பிய மடங்களிற் பல நூற்றாண்டுகளாக இருவகைத் துறவிகள் இருந்தனர். இலத்தீன் கற்று, நூற்றைம்பது சங்கீதங்களைக் கொண்ட திருப்புகழ்மாலையைப் பாடியோர் ஒரு வகையினர்; அக்கல்வி இன்றி வயலிலும் சமையற்கூடத்திலும் உழைத்தோர் மற்றொரு வகையினர். செபமாலையின் நூற்றைம்பது மங்களவார்த்தைச் செபங்கள், எழுத்தறியாதாருக்கு அந்த நூற்றைம்பது சங்கீதங்களுக்கு ஈடாகக் கருதப்பட்டு வந்தன. ஆகவே செபமாலையையே சபையின் உயிர்நாடியாக வைத்தபோது, கற்றவரும் கல்லாதவரும் ஒரே செபத்தில் ஒரே வரிசையில் அமர்வதற்கு வழிபிறந்தது. மொழியறிவை அடிப்படையாகக் கொண்ட உயர்வு தாழ்வு அங்கு இயல்பாகவே தகர்ந்தது எனக் கருதலாம்.

உழைப்பும் அவ்வாறே பொதுவானது. வலிகாமத்தின் செம்மண்ணும் கிணற்று நீர்ப்பாசனமும் தோட்டச் செய்கைக்குப் பெயர்பெற்றவை. தோலகட்டித் துறவிகள் முந்திரிகைக் கொடிகளை வளர்த்தனர். அவர்கள் தயாரித்த முந்திரிகை இரசம் ஆச்சிரமத்தின் பெயரைச் சமய எல்லைகளுக்கு அப்பாலும் கொண்டுசென்றது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த, செபத்தையும் உழைப்பையும் இணைக்கும் மடவாழ்வு நெறியின் சாயலை இதிற் காணலாம். அதேவேளை இது யாழ்ப்பாணக் கமக்காரனுக்கு எவ்வகையிலும் அந்நியமான காட்சியன்று. மணற்பாங்கான நிலத்திற் கிணறு தோண்டி நீரிறைத்து வெற்றிலைக் கொடிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் வார்க்கும் களுதாவளைத் தோட்டக்காரனுக்கும், கொடியொன்றைப் பந்தலேற்றிக் காத்திருப்பவனின் பொறுமை விளக்கம் வேண்டாத ஒன்றாகும். துறவி பிச்சையெடுத்து உண்பவன் என்னும் எண்ணம் நிலவிய சமூகத்தில், நிலத்தைக் கொத்தி உண்ணும் துறவி புதியதொரு முன்மாதிரியாக விளங்கினான்.

சாதியமைப்பும் ஆச்சிரமமும்

சபையின் சமூக முக்கியத்துவம் சாதிப் பிரச்சினையிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. 1928ஆம் ஆண்டு யாழ்ப்பாணச் சமூகம் கொந்தளிப்பான காலகட்டத்தில் இருந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வருகை தந்து தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். டொனமூர் ஆணைக்குழுவின் விசாரணைகள் நடைபெற்று, 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர வேண்டுமென்ற கட்டளைக்கு இக்காலப்பகுதியிற் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வாங்கில் அமரும் உரிமைக்காகவே போராட வேண்டியிருந்த சூழல் அது. கத்தோலிக்கர் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. ஒரே ஞானஸ்நானத்தைப் பெற்றிருந்தும், கோயிற்பற்று அமைப்பிலும் ஆலயத்தில் அமரும் இடத்திலும் சாதி வேறுபாடு நிலைபெற்றிருந்தது.

இத்தகைய சூழலில் தோமஸ் அடிகளாரின் ஆச்சிரமம் பல சாதியினரையும் சகோதரராக ஏற்றுக்கொண்டது. அவர்கள் ஒரே கூரையின்கீழ் உறங்கினர். ஒரே பந்தியில் உண்டனர். ஒரே கிணற்றில் நீரள்ளினர். யாழ்ப்பாணத்திற் சாதியின் காவலரண்களாக விளங்கியவை கிணறும் பந்தியுமே என்பதை அறிந்தோர்க்கு இதன் கனம் விளங்கும். துறவி தன் பெயரையும் குலத்தையும் விட்டு வருகிறான் என்பது இந்திய மரபில் மிகப் பழைய கருத்து. ஆனால் தனித்துத் திரியும் துறவிக்குச் சாதியில்லை என்பதை ஏற்றுக்கொள்ளும் சமூகம், பல சாதியினர் கூடி உண்டு வாழும் நிலையான நிறுவனமொன்றை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வகையில் தோலகட்டி, சமத்துவம் பற்றி உபதேசம் எதுவும் செய்யாமலே அதனை நாள்தோறும் நடத்திக்காட்டிய இடமாகும்.

எனினும் இதனை மிகைப்படுத்தலும் தவறு. ஆச்சிரமத்தின் சமத்துவம் ஆச்சிரமத்தின் மதிலுக்குள்ளேயே நிலவியது. அது சமூக இயக்கமாக மாறவில்லை. மாறுதல் அதன் நோக்கமாகவும் இருக்கவில்லை. சபை தோன்றி நாற்பது ஆண்டுகளின் பின்னரும், 1968இல், தோலகட்டிக்குத் தொலைவில்லாத மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் பெரும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. உலகை விட்டு விலகியோரின் சமத்துவம் உலகை மாற்றப் போதுமானதா என்ற கேள்வியை முற்போக்குச் சிந்தனையாளர் எழுப்புவது நியாயமானதே. அதற்கு வரலாறு தரும் விடை இருபக்கமும் சார்ந்தது. சட்டங்களையும் உரிமைகளையும் வென்றவை வெளியே நடந்த போராட்டங்களே. ஆனால் வேற்றுமையின்றிக் கூடிவாழ்தல் யாழ்ப்பாணத் தமிழருக்கு இயலாத காரியம் என்ற வாதத்தை, அப்போராட்டங்களுக்கு முன்னரே தோலகட்டி பொய்யாக்கியிருந்தது.

மூவகைத் துறவு

தோமஸ் அடிகளாரின் இடத்தை வரையறுப்பதற்கு அவரது சமகாலத்தவர் இருவரோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். முதலாமவர் விபுலாநந்த அடிகள் (1892 - 1947). இராமகிருஷ்ண மிசனிற் சேர்ந்து 1924இல் துறவுநிலை எய்திய அவர், 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். தோலகட்டி ஆச்சிரமம் தோன்றி ஓராண்டின் பின் நிகழ்ந்தது இது. அடிகளின் துறவு தொண்டாக வெளிப்பட்டது. பாடசாலையும் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சியும் அவரது தவச்சாலைகளாயின. இரண்டாமவர் யாழ்ப்பாணம் கொழும்புத்துறை யோகசுவாமிகள் (1872 - 1964). அவர் மடத்தலைவராகவோ சபை நிறுவுநராகவோ தம்மை அமைத்துக்கொள்ளாது, தம் கொட்டிலை நாடி வந்தோருக்குச் "சும்மா இருத்தல்" என்னும் நெறியை உணர்த்தினார். அவர் வழிவந்த சிவதொண்டன் நிலையம் யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி மட்டக்களப்பின் செங்கலடியிலும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது. யோகசுவாமிகள் மறைந்தது 1964 மார்ச்சில். தோமஸ் அடிகளார் மறைந்தது அதே ஆண்டு சனவரி 26இல். இரண்டு மாத இடைவெளியில் யாழ்ப்பாணம் இரு மௌனிகளை இழந்தது.

இம்மூவருள் தோமஸ் அடிகளாரின் தனித்தன்மை யாது? விபுலாநந்தர் நிறுவனம் அமைத்தார், ஆயின் அது செயலுக்கான நிறுவனம். யோகசுவாமிகள் மௌனத்தைப் போற்றினார், ஆயின் அதற்கென விதிமுறைகள் கொண்ட ஒரு சமூகத்தை வகுக்கவில்லை. மௌனத்தையே விதியாகவும், செபத்தையே தொழிலாகவும் கொண்ட ஒரு கூட்டுவாழ்வை வகுத்தவர் தோமஸ் அடிகளார். தாயுமானவர் போற்றிய மௌனகுருவின் மரபு தமிழ்ச் சைவத்தில் ஆழமானதாயினும், அது குரு - சீடர் உறவாகவே பெரும்பாலும் தொடர்ந்தது. மேலைக் கிறித்தவத்தில் எகிப்தியப் பாலைவனத் துறவிகள் தொடக்கம் 1562இல் ஆவிலாவிற் சீர்திருத்த மடத்தை நிறுவிய புனித தெரேசா (1515 - 1582) வரை, தனிமனித அனுபூதியைக் கூட்டு ஒழுங்காக மாற்றும் மரபு வளர்ந்திருந்தது. இவ்விரு மரபுகளும் சந்தித்த இடமாகத் தோலகட்டியைக் கொள்ளலாம். குளித்தலையை அடுத்த சாந்திவனத்தில் பிரெஞ்சுக் குருமார் மொஞ்சனேயும் லெசோவும் 1950இல் நிறுவிய கிறித்தவ ஆச்சிரமம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிய தோலகட்டி அத்துணை அறியப்படவில்லை. சாந்திவனத்தார் நூல்கள் எழுதினர்; தோலகட்டியார் செபமாலை உருட்டினர் என்பதே இதற்கு எளிய விளக்கமாகும்.

களுதாவளையிலிருந்து நோக்குதல்

மட்டக்களப்பின் எழுவான்கரை ஊர்களின் சமய வாழ்வு கோயிலை மையமாகக் கொண்டது. களுதாவளையில் அத்தகைய மையமாக விளங்குவது சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயமாகும். இப்பிரதேசக் கோயில்களின் நிருவாகமும் திருவிழா உரிமையும் மரபுவழியாகக் குடிமுறையோடு பிணைந்தவை. தாய்வழியாற் பெறப்படும் குடி ஒருவருக்குக் கோயிலில் உரிய பங்கைத் தீர்மானிக்கின்றது. வண்ணக்கர் முதலான பதவிகளும் அவ்வழியே வருகின்றன. இம்முறை கோயிலை ஊரின் பொதுச் சொத்தாகப் பேணிவந்த பெருமைக்குரியது. அதேவேளை இறைவன் திருமுன்னிலையில் ஒருவரது இடம் பிறப்பால் நிர்ணயிக்கப்படும் என்ற கொள்கை அதன் அடிப்படையில் உள்ளது.

துறவு நிறுவனம் இதற்கு நேர்மாறான கொள்கையின்மீது எழுவது. அங்கு இடம் பிறப்பால் வருவதன்று; ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்ட ஒழுக்கத்தால் வருவது. ஊர்க்கோயில் சமூகத்தை அது உள்ளவாறே கூட்டிவைக்கின்றது; ஆச்சிரமம் சமூகம் வேறுவிதமாகவும் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒழிக்க வேண்டியவையல்ல. ஆனால் இரண்டாவதின் வரலாறு எழுதப்படாவிடின், முதலாவதே தமிழர் சமயத்தின் முழு உருவம் என்ற தவறான முடிவு நிலைபெற்றுவிடும். கல்லடியின் விபுலாநந்தர் மரபையும் செங்கலடியின் சிவதொண்டன் மரபையும் நன்கறிந்த மட்டக்களப்பு மாணவர், அவற்றோடு ஒருசேர வைத்து ஆராயவேண்டிய மூன்றாவது மரபு தோலகட்டியுடையது என்பதற்கு இதுவே காரணம்.

பிற்கால நிலை

அடிகளாரின் வாழ்நாளிலேயே சபை வேரூன்றி வளர்ந்தது. பெண்களுக்கான துறவுப் பிரிவும் பின்னாளில் உருவாயிற்று. தமிழ்நாட்டுக்கும் சபை பரவியது. அவர் மறைந்தபோது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962 - 1965) நடைபெற்றுக்கொண்டிருந்தது. இளம் திருச்சபைகளிலே தியான வாழ்வு வேரூன்ற வேண்டும் என்றும், அந்நாடுகளின் பண்டைத் துறவு மரபுகள் கவனத்திற் கொள்ளப்பட வேண்டும் என்றும் 1965இல் அச்சங்கம் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பு எடுத்துரைத்தது. அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் அது செயல்வடிவம் பெற்றிருந்தது. அடிகளாரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணைகள் பின்னர் தொடங்கப்பட்டு, அவர் இன்று "இறை ஊழியர்" எனக் குறிப்பிடப்படுகின்றார்.

போர்க்காலம் இம்மரபைக் கடுமையாகச் சோதித்தது. பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் 1990இற் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வசாவிளான் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கிணறுகளும் தோட்டங்களும் ஆளற்றுக் கிடந்தன. 2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. இரவு பகலாக இடையறாத செபத்தை நோக்கமாகக் கொண்ட ஒரு சபைக்கு, தான் பிறந்த நிலத்தை இழத்தல் என்பது கட்டடமொன்றை இழத்தலோடு முடிவதன்று. ஆயினும் ஒல்லாந்தர் காலத்தில் ஆலயமின்றியும் குருவானவரின்றியும் செபமாலையைக் கைவிடாதிருந்த மக்களின் வழித்தோன்றல்கள், அச்செபத்துக்கு இடம் இன்றியமையாததன்று என்பதை இரண்டாம் முறையும் உணர்ந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகள் பெறப்படும். தோமஸ் அடிகளாரின் சபை உரோமாபுரியின் கொள்கை மாற்றமொன்றின் விளைவாகத் தோன்றியதாயினும், அதன் உள்ளடக்கத்தை நிர்ணயித்தவை யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் செபமாலைப் பக்தியும் தமிழரின் துறவு மரபுமாகும். இலத்தீன் கல்வியை வேண்டாத செபமும், எல்லோருக்கும் பொதுவான உடலுழைப்பும், பொதுப் பந்தியும் அச்சபையைக் காலத்தை முந்திய சமத்துவச் சமூகமாக ஆக்கின. அச்சமத்துவம் மதிலுக்கு வெளியே பரவாமை அதன் வரம்பு. மதிலுக்குள்ளேனும் முழுமையாக நிலவியமை அதன் சாதனை.

எஞ்சியுள்ள கடமை ஆய்வாளர்களுடையது. இடப்பெயர்வுகளாற் பல குடும்பங்களின் பத்திரங்களும் கோயிற்பற்றுப் பதிவுகளும் சிதறிப்போன ஒரு நாட்டில், முதியோரின் நினைவுகளே பல வேளைகளில் ஒரே சான்றாக எஞ்சியுள்ளன. அம்முதியோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சபையின் முதற் தலைமுறையினரைக் கண்டு பழகியோரின் வாய்மொழிச் செய்திகளைச் சமயச் சார்பின்றித் தொகுத்தல், அவற்றைக் கல்லடி, செங்கலடி மரபுகளின் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் ஆகியன கிழக்கிலும் வடக்கிலும் உள்ள பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். பேசியவர்களின் வரலாறு தானாகவே எழுதப்பட்டுவிடும். பேசாதிருந்தோரின் வரலாற்றுக்குப் பிறர் முயற்சி வேண்டும்.